தன்னியல்பும் பொதுவியல்பும்: மரவள்ளிக் கொல்லையில் ஓர் அளவை ஆராய்ச்சி

ஒத்த தோற்றமுடைய இரண்டு உயிர்கள் ஓரினமா ஈரினமா என்று எதைக் கொண்டு துணிவது என்னும் கேள்வி பூச்சியியலுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், இந்தியத் தத்துவ மரபில் அளவை நூலார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நடத்திவந்த பழைய வழக்கொன்றின் கிளையே அது. பல பொருள்களை ஓரினம் என்று சொல்ல வைக்கும் பொதுத்தன்மை அப்பொருள்களிலேயே உள்ளதா, அன்றி அறிபவனின் மனம் தன் தேவைக்காக அவற்றின்மேல் ஏற்றுவதா என்பதே அவ்வழக்கின் மையம். நியாய வைசேடிகர் முதற்கூற்றையும் பௌத்தர் இரண்டாம் கூற்றையும் பற்றி நின்றனர். சைவ சித்தாந்தம் இவ்விருவர் வாதத்தையும் கேட்டபின் தனக்கென ஒரு வரையறையைத் தமிழ்ச் செய்யுளிலேயே வகுத்துக்கொண்டது. பசு, குடம், சிப்பி, கயிறு என்னும் வழிவழி வந்த எடுத்துக்காட்டுகளை வைத்தே வாதம் நடந்துவந்தமையால், தோற்றவர்க்கும் இழப்பதற்கு ஏதுமில்லாத கல்விப் பொழுதுபோக்காகவே பிற்காலத்தார் பலர் அதனைக் கண்டனர். தருமபுரி மாவட்டத்து மரவள்ளிக் கொல்லையில் அதே கேள்விக்குப் பிழையாக விடை கூறுவோர் ஓராண்டு விளைச்சலை இழக்க நேரும் என்பதால், அங்கே அவ்வழக்கை மீண்டும் எடுத்து நடத்திப் பார்ப்பது வீண் வேலையன்று.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய வட்டங்களில் பயிராகும் மரவள்ளி, ஊர் வழக்கில் குச்சிக்கிழங்கு, பெரும்பாலும் சேலம் வட்டார சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. முந்தைய பயிரின் தண்டை வெட்டி நடும் கரணையே இதற்கு விதை என்பதால், தண்டின் கணுவிடுக்கில் ஒட்டியிருக்கும் பூச்சி எதுவும் கரணையோடு ஊர்விட்டு ஊரும் மாநிலம் விட்டு மாநிலமும் எளிதில் போய்விடும். அவ்வாறு பயணப்படும் பூச்சிகளுள் முதன்மையானது, உடலின்மேல் வெண்மெழுகுப் பொடியைச் சுரந்து போர்த்திக்கொண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி. உழவர் சிலர் கள்ளிப்பூச்சி என்றும் கூறுவர். இப்பெயர் குறிப்பது ஒரே இனத்தையன்று. நீண்ட மெழுகு வால்கள் இரண்டும், முதுகின் நெடுக்கே ஓடும் கரும்பட்டைகள் இரண்டும், உடலெங்கும் கண்ணாடி இழைபோன்ற மெல்லிய நூல்களும் கொண்டது வரி மாவுப்பூச்சி, அதாவது ஃபெரிசியா விர்கேட்டா. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டு 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் உடலினது; பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் அது பற்றியது. பருத்தியில் பெருகும் ஃபெனகோக்கஸ் சொலினாப்சிஸ், 2012இல் இந்தியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட ஃபெனகோக்கஸ் மடெய்ரென்சிஸ் ஆகியனவும் மரவள்ளியில் உண்டு. இவற்றுள் கடைசியாக வந்து பெருங்கேடு விளைத்தது ஃபெனகோக்கஸ் மணிஹோட்டி என்னும் மரவள்ளி மாவுப்பூச்சி: இளஞ்சிவப்பு உடலும் மிகக் குறுகிய மெழுகு இழைகளும் உடையது, கொழுந்தைத் தாக்கிக் கணுவிடைகளைக் குறுக்கி முறுக்கி நுனியைக் கொத்தாக்கிவிடுவது. பத்தடி தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு இவை யாவும் இலையடியில் அப்பிய வெள்ளை மாவாக மட்டுமே தெரியும்.

ஒரு பொருளைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளத்தை நியாய நூலார் இலக்கணம் என்பர்; அது குற்றமற்றதாக இருக்க வேண்டுமாயின் மூன்று குற்றங்களிலிருந்து நீங்கியிருத்தல் வேண்டும் என்றும் வரையறுப்பர். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தை அடுத்த நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் இக்குற்றங்களின் பெயர்கள் தமிழ் மாணாக்கர்க்கும் பழக்கமாயின. பசுவுக்குக் கபில நிறத்தை இலக்கணமாகச் சொன்னால் வெள்ளைப் பசு விடுபட்டுப்போகும். இது அவ்வியாத்தி, அதாவது குன்றக் கூறல். கொம்புடைமையைச் சொன்னால் எருமையும் உள்ளே வந்துவிடும். இது அதிவியாத்தி, மிகைபடக் கூறல். ஒற்றைக் குளம்பைச் சொன்னால் எந்தப் பசுவிலும் அது இராது. இது அசம்பவம், இயலாதது கூறல். வரி மாவுப்பூச்சிக்கு முதுகின் இரு கரும்பட்டைகளை இலக்கணமாகக் கூறும் வழக்கத்தை இவ்வுரைகல்லில் உரைத்தால் அது முதலிரண்டு குற்றங்களுக்கும் ஆளாவது தெரியவரும். முட்டையினின்று வெளிவந்த ஊர்குஞ்சுக்குப் பட்டை இல்லை. முதிர்ந்தபின் சிறகு பெற்று, வாயுறுப்பின்றிச் சில நாள்களில் மடியும் ஆணுக்கோ பட்டையுமில்லை, மாவு போர்த்த அந்த வெள்ளை உருவமும் இல்லை. எனவே அடையாளம் குன்றுகிறது. பருத்தி மாவுப்பூச்சியின் முதுகிலும் மெழுகு படியாத கரும்புள்ளிகள் இணையிணையாக அமைந்து தொலைவுக்குப் பட்டையாகவே தோன்றுவதால் அடையாளம் மிகையும் ஆகிறது.

உதயணர் இதற்கும் ஒரு படி மேலே சென்றவர். மிதிலையைச் சேர்ந்த இவ்வறிஞர் தம் இலக்கணாவலியைச் சக ஆண்டு 906இல், அதாவது கி.பி. 984இல் முடித்ததாக அந்நூலே குறிக்கிறது. கிரணாவலி என்னும் தம் மற்றொரு நூலில், ஒரு பொதுத்தன்மையை உண்மையான சாதி என ஏற்கவொட்டாத தடைகள் ஆறினைத் தொகுத்தார். சாதி என்பது இங்கே சமூகப் பிரிவைக் குறிப்பதன்று. பல தனிப்பொருள்களில் ஒன்றாக நின்று அவற்றை ஓரினமாக்கும் பொதுமையைக் குறிக்கும் அளவைச் சொல். அந்த ஆறு தடைகளுள் ஒன்று சங்கரம், அதாவது இரண்டு பொதுமைகள் ஒன்றுக்குள் ஒன்று முழுமையாக அடங்காமல் குறுக்கே வெட்டிக்கொள்ளுதல். ஒன்றை விட்டு மற்றொன்று நிற்கும் இடமும், மற்றொன்றை விட்டு இது நிற்கும் இடமும், இரண்டும் சேர்ந்து நிற்கும் இடமும் காணப்பட்டால் அவ்விரண்டும் சாதிகளாக முடியாது என்பது அவர் துணிபு. பட்டையுடைமையும் ஃபெரிசியாத் தன்மையும் இவ்வாறே வெட்டிக்கொள்கின்றன: பருத்தி மாவுப்பூச்சியில் பட்டை உண்டு, ஃபெரிசியாத் தன்மை இல்லை; ஃபெரிசியாவின் ஆணில் ஃபெரிசியாத் தன்மை உண்டு, பட்டை இல்லை; அதன் முதிர்ந்த பெண்ணில் இரண்டும் உண்டு. ஆகவே இரண்டில் ஒன்றேனும் சாதியன்று, வெறும் உபாதி, அதாவது வெளியிலிருந்து ஒட்டிய அடையாளம் என்று தள்ள வேண்டும். தள்ளத்தக்கது பட்டையே என்பதில் பூச்சியியலார்க்கும் உதயணர்க்கும் கருத்து வேற்றுமை இருந்திராது. வகைப்பாட்டியலார் இன்றும் கையாளும் ஒரு விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்துணைத் துல்லியமாக வகுத்த நூலைத் தமிழ்நாட்டு உயிரியல் வகுப்புகள் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

பட்டையைத் தள்ளிய பின் எதைக் கொள்வது என்பதற்கே சித்தாந்தத்தின் வரையறை துணை செய்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருள்நந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் பொருளின் இயல்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பொருளை வேற்றினங்களிலிருந்து விலக்குவதோடு தன் இனத்தின் பிற உறுப்புகளிலிருந்தும் விலக்கித் தனித்து நிறுத்துவது தன்னியல்பு. வேற்றினங்களிலிருந்து விலக்கித் தன் இனத்தோடு இணைத்து நிறுத்துவது பொதுவியல்பு. இவ்வரையறையின் சிறப்பு, ஓர் அடையாளத்தை எந்தப் படிநிலையில் நின்று கேட்கிறோம் என்பதை வெளிப்படையாக்குவதில் உள்ளது. முதுகின் பெரிய குழல்நாளங்களின் வாய் ஒவ்வொன்றையும் சூழ்ந்து தடித்த வட்டத் தகடும் அதில் நுண்மயிர்களும் அமைந்திருத்தல் ஃபெரிசியாப் பேரினம் முழுமைக்கும் பொதுவியல்பு. அப்பேரினத்துக்குள் விர்கேட்டாவை அதன் உடன்பிறப்புகளிலிருந்து பிரிக்க வேண்டுமாயின், நாளங்களோடு சேர்ந்த நுண்துளைகள் எங்கே எத்தனை உள்ளன என்பது போன்ற வேறு அடையாளங்களுக்குச் செல்ல வேண்டும். ஒரு படிநிலையில் தன்னியல்பாக நின்றது அடுத்த படிநிலையில் பொதுவியல்பாகிவிடும் என்பதை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குத் தோற்றுவாய்.

இவ்வடையாளங்கள் எவையும் கண்ணுக்குத் தெரிவனவல்ல. பெண் பூச்சியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு உள்ளுறுப்புகளைக் கரைத்து, மெழுகை நீக்கி, எஞ்சிய தோலை அமில ஃபுக்சின் சாயத்தால் சிவப்பேற்றி, கனடா பால்சத்தில் பதித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பின்னரே நுண்ணோக்கியில் துளைகளும் நாளங்களும் எண்ணத்தக்கனவாகும். எந்த மாவைக் கொண்டு மாவுப்பூச்சி என்று பெயரிட்டார்களோ அந்த மாவை முழுதும் அகற்றினாலன்றி அது எந்த மாவுப்பூச்சி என்று சொல்ல இயலாது. கோக்கரல் 1893இல் ஜமைக்காவிலிருந்து விவரித்த விர்கேட்டா, அடுத்த நூறாண்டு காலம் இரு பட்டையும் இரு வாலும் உடைய எதற்கும் இடப்படும் பெயராக இருந்துவந்தது. கலிபோர்னியாவின் பிஸ்தா தோட்டங்களில் கண்ட பூச்சி விர்கேட்டா அன்று, ஃபெரிசியா கில்லி என்னும் வேறினம் என்று 2003இல் பிரிக்கப்பட்டது. 2012இல் கய்டானும் கல்லனும் பேரினம் முழுவதையும் மீள ஆராய்ந்து மேலும் பல புதிய இனங்களைப் பிரித்தனர். சித்தாந்த நூலார் காட்சிக்குக் கூறும் இரு குற்றங்களுள், குற்றியோ மகனோ என்று தடுமாறும் ஐயத்தைவிட, சிப்பியை வெள்ளியென உறுதியாகக் கொள்ளும் திரிபே கேடானது என்பதற்கு இந்நூறாண்டு ஒரு சான்று. பெரும்பாலோர் ஐயப்படவில்லை என்பதால்தான் தகட்டை மீண்டும் எடுத்துப் பார்க்கவில்லை.

இங்கே பௌத்தர் குறுக்கிட்டு, தகட்டில் உள்ளது ஒரு தனிப்பூச்சியின் தோல் மட்டுமே, அதில் இனம் எங்கே உள்ளது என்று கேட்பர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உரைக்கும் அளவைப் பகுதி, காட்சி என்பது பொருளைச் சுட்டும் உணர்வு மட்டுமே எனக் கொண்டு, பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றை அதற்கு வெளியே நிறுத்துகிறது. காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு கூறும் திங்நாகர், சொல் குறிப்பது ஒரு பொதுமையை அன்று, பிறவற்றின் விலக்கத்தையே என்றார். அபோகம் எனப்படும் இக்கொள்கையின்படி பசு என்ற சொல்லுக்குப் பசு அல்லாதவற்றை நீக்கியது என்பதே பொருள். அவர் வழிவந்த தர்மகீர்த்தி இதற்குத் தரும் எடுத்துக்காட்டு தமிழ் வாசகர்க்கு நன்கு விளங்கக்கூடியது. காய்ச்சலைத் தணிக்கும் மூலிகைகள் சீந்தில் முதலாகப் பல உள. அவை வெவ்வேறு செடிகள், அவற்றுக்குள் பொதுவான சாதி எதுவும் இல்லை, எனினும் ஒரே வேலையைச் செய்வதால் மனிதர் அவற்றைக் காய்ச்சல் மருந்து என்று ஒருங்கே வழங்குகின்றனர். இனங்கள் என்று கருதப்படுவன யாவும் இவ்வாறு பயன் கருதி மனம் கட்டிய தொகுப்புகளே என்பது அவர் முடிவு. உண்மைப்பொருள் என்று கொள்ளத்தக்கது செயல்விளைக்கும் ஆற்றலுடைய தனிப்பொருளே, பொதுமைக்கு அவ்வாற்றல் இல்லை.

கொல்லையில் நிற்பவரின் வழக்கு இவ்வாதத்துக்கு அரணாக நிற்பது போலவே தோன்றும். சாறு உறிஞ்சுவதும் தேன்போன்ற கழிவை ஒழுக்குவதும் அக்கழிவில் கரும்பூசணம் படர்வதும் எல்லா மாவுப்பூச்சிக்கும் ஒன்றே. மருந்தடிப்பது ஒன்றே தீர்வு என்று எண்ணியிருந்த வரையில் மாவுப்பூச்சி என்ற ஒரு பெயரே போதுமானதாக இருந்தது. பயன் மாறினால் பெயர் மாறும்; பெயர் பயனுக்கு அடிமை என்று தர்மகீர்த்தியின் மாணாக்கர் சொல்லக்கூடும். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் ஆப்பிரிக்காவில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அதனைக் கடுமையாகச் சோதித்தது.

தென் அமெரிக்காவிலிருந்து சென்று 1970களின் தொடக்கத்தில் மத்திய ஆப்பிரிக்காவில் பரவி, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்துக்கொண்டிருந்த மாவுப்பூச்சியை 1977இல் பிரெஞ்சு அறிஞர் மத்தீல்-ஃபெரெரோ காங்கோவிலிருந்து ஃபெனகோக்கஸ் மணிஹோட்டி எனப் பெயரிட்டு விவரித்தார். வந்தேறிப் பூச்சிக்கு அதன் தாயகத்தில் உள்ள இயற்கை எதிரியைத் தேடிக் கொணர்வதே வழி என்று கருதிய ஆய்வாளர், தென் அமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் வாழ்ந்த, கண்ணுக்கு அதுவே போன்ற ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதன் ஒட்டுண்ணிக் குளவிகளைத் திரட்டினர். அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. இலண்டனில் ஜெனிஃபர் காக்சும் டக்ளஸ் வில்லியம்சும் இரு பூச்சிகளின் தகடுகளையும் ஒப்பிட்டு, அவை இரண்டு இனங்கள் என்று 1981இல் காட்டி, வடபகுதிப் பூச்சிக்கு ஃபெனகோக்கஸ் ஹெரெனி என்று பெயரிட்டனர். அதற்கு ஆண் உண்டு, கலந்தே இனம் பெருக்கும். மணிஹோட்டியிலோ ஆணே இல்லை, பெண் தானாகவே பெண்ணை ஈனும். உண்மையான மணிஹோட்டியை அதே 1981இல் ஆன்டனி பெலோட்டி வெகுதெற்கே பராகுவேயில் கண்டார். அங்கே அதனைத் தாக்கிய அனாகிரஸ் லோபெசி என்னும் சிறு குளவி இலண்டன் வழியாக நைஜீரியாவின் இபாதானுக்குக் கொணரப்பட்டு அவ்வாண்டே விடப்பட்டது. பின்னர் அது கண்டத்தின் மரவள்ளி நாடுகள் பலவற்றிலும் பரப்பப்பட்டுப் பூச்சியை அடக்கியது. அப்பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஹெரெனி என்னும் பெயரும் அவரையே குறிப்பது.

இதில் தத்துவத்துக்குரிய செய்தி, குளவி வெற்றி பெற்றது என்பதன்று. தகட்டில் துளைகளை எண்ணியவர்கள் குளவியைக் கருதி எண்ணவில்லை. இனப்பெருக்க முறையை ஆராய்ந்தவர் துளையைக் கருதி ஆராயவில்லை. குளவியோ இரண்டையும் அறியாது. வெவ்வேறு பயன் கருதிச் சென்ற, ஒன்றையொன்று அறியாத மூன்று வழிகள் ஒரே கோட்டில் வந்து பிரிவினை செய்தன. சீந்திலும் பிற மூலிகைகளும் காய்ச்சல் என்ற ஒரு பயனில் மட்டுமே கூடுகின்றன; இலையின் அமைப்பைக் கேட்டால் ஒரு பக்கமும் பூவின் அமைப்பைக் கேட்டால் மறுபக்கமும் சிதறிவிடும். பயன் கருதிக் கட்டிய தொகுப்பு அப்பயனை விட்டதும் கலைய வேண்டும். மணிஹோட்டியும் ஹெரெனியும் எந்தப் பயனை விட்டு எந்தப் பயனுக்கு மாறினாலும் அதே இரண்டாகவே பிரிகின்றன. எனவே தர்மகீர்த்தியின் அளவுகோலாகிய செயல்விளைக்கும் ஆற்றலையே கொண்டு அவர் முடிவுக்கு எதிரான முடிவை அடைய நேர்கிறது: வேறுபாடு பொருளில் உள்ளது, மனம் அதனைப் பிந்திக் கண்டுகொள்கிறது. அபோகத்தை விடாது பற்றுவோர், குளவி தன் உணர்கொம்பால் தட்டிப் பார்த்து இதுவன்று என்று விட்டு நகர்வதே விலக்கம் அன்றோ என்று கேட்கக்கூடும். ஆம் என்றே கொண்டாலும், சொல்லே இல்லாத ஓர் உயிர் செய்யும் விலக்கம் சொல்லால் கட்டியதாக இருக்க முடியாதல்லவா?

இதே வழக்குக்குச் சென்னையிலும் ஒரு பழைய முன்னோட்டம் உண்டு. சாயம் தரும் காச்சினீல் பூச்சியைச் சென்னையில் ஒரு புல்லில் கண்டுவிட்டதாக 1786இல் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இலண்டனிலிருந்த ஜோசஃப் பேங்க்சுக்கு எழுதினார். அது உண்மைக் காச்சினீல் அன்று. உண்மைப் பூச்சியை வளர்ப்பதற்கெனச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்றைச் சைதாப்பேட்டையில் அமைத்து அவர் காத்திருந்தார். பிரேசிலிலிருந்து 1795இல் வங்காளத்துக்கு வந்திறங்கியதும் சாயப்பூச்சி என்று கருதப்பட்ட வேறினமே. சாயம் மட்டமாகவே கிடைத்தது, ஆனால் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்றே தீர்த்தது. தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களை மூடியிருந்த மற்றொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அதனை ஒழிக்க டாக்டிலோப்பியஸ் ஒப்புன்சியே என்னும் மற்றோர் இனத்தை 1926இல் இலங்கையிலிருந்து கொணர வேண்டியதாயிற்று. மனிதர் ஒன்றெனக் கருதிய இரண்டு பூச்சிகளும், அவர்கள் ஒன்றெனக் கருதிய இரண்டு கள்ளிகளும் தமக்குள் தெளிவாகவே வேறுபட்டிருந்தன.

எனினும் இக்கருத்தை எல்லை கடந்து நீட்டுவது தவறு. ஒப்புன்சியே இனத்துக்குள்ளேயே, தகட்டில் பிரித்தறிய முடியாத இரண்டு கால்வழிகள் வெவ்வேறு கள்ளிகளில் மட்டும் செழிப்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. செயலாற்றல் ஒன்றையே கேட்டால் இவை இரண்டு இனம். உடலமைப்பைக் கேட்டால் ஒன்று. தம்முள் கலந்து இனம் பெருக்குவதே இனத்தின் இலக்கணம் என்று எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் கூறியது பெரும்பாலான விலங்குகளுக்குப் பொருந்தினாலும், ஆணே இல்லாத மணிஹோட்டிக்கு வரும்போது அவ்வியாத்திக் குற்றத்துக்கு உள்ளாகிறது. அங்கே கலப்பதற்கு எவருமில்லை. வழிகள் ஒன்றுகூடும் இடத்தில் துணிவதும், கூடாத இடத்தில் ஐயத்தை ஐயமாகவே நிறுத்துவதும்தான் அளவை நூலார்க்கு உரிய நேர்மை. சித்தியாரின் இரு இயல்புகளும் இதற்கு இடங்கொடுக்கின்றன. உதயணரின் தடைகளும் இடங்கொடுக்கின்றன. ஒவ்வோர் உயிருக்கும் முடிந்த முடிபாக ஓர் இனப்பெயர் இருந்தே தீர வேண்டும் என்று இவர்களுள் எவரும் கூறவில்லை.

இந்தியாவில் மணிஹோட்டி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மரவள்ளியில் பரவியது. பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணர்ந்த அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி தமிழ்நாட்டில் நிலைபெற்றிருந்தும், புதிய பூச்சிக்கு அது உதவவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அனாகிரஸ் லோபெசியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தது. பராகுவேயில் புறப்பட்ட கால்வழி நாற்பதாண்டுக்குப் பின் வசிட்ட நதிக்கரையில் அதே பூச்சியை அடையாளம் கண்டது. பூச்சி தாக்கிய மரவள்ளியின் மணத்தை நாடி வந்து, உணர்கொம்பால் தட்டித் தேர்ந்து, உடலுக்குள் முட்டையிடுகிறது இக்குளவி. புழு உள்ளிருந்தே தின்று வளர, பூச்சி பழுப்பேறி உப்பிய கூடாகிறது.

இவ்விடத்தில் அளவை வழக்கு அறவழக்காக மாறுகிறது. இத்தகைய குளவிகளின் வாழ்க்கையை எண்ணியே, அருளுடைய கடவுள் ஒருவர் இவற்றை வேண்டுமென்று படைத்திருப்பார் என நம்பத் தம்மால் இயலவில்லை என்று டார்வின் 1860இல் ஏசா கிரேக்கு எழுதினார். தருமபுரிக்கு இக்கேள்வி புதிதன்று. தகடூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூரில் சமணப் பள்ளி ஒன்று எழுப்பப்பட்டதையும் அதற்குக் கொடை வழங்கப்பட்டதையும் நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்துச் சக ஆண்டு 815 (கி.பி. 893) கல்வெட்டு கூறுகிறது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கும் சமண மரபு எறும்பு, கறையான், பேன் ஆகியவற்றோடு மூட்டைப்பூச்சியையும் மூன்று புலனுடைய உயிர்களில் வைத்தது; மாவுப்பூச்சி அதே வரிசையைச் சேர்ந்த உறவு. தொல்காப்பிய மரபியலும் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், தும்பியை நான்கறிவுயிராகவும் கொள்வதால், உண்ணப்படும் பூச்சியையும் உண்ணும் குளவியையும் அடுத்தடுத்த படிகளில் வைக்க அங்கும் இடமுண்டு. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவராகவே வாழ்ந்தனர். ஆகவே இல்லறத்தார்க்கு, கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையை முற்றும் விலக்கி, அடுக்களையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் தவிர்க்க முடியாமல் நேர்வனவற்றை ஆரம்பம், உத்தியோகம், விரோதம் எனத் தனியே வகுத்து, அவற்றையும் இயன்றவரை குறைக்கக் கற்பித்தனர்.

குளவியை விடுவது இம்மூன்றுள் அடங்குமா, அன்றிச் சங்கற்பமா? கொல்வதற்கென்றே ஓர் உயிரை வளர்த்து விடுவதால் சங்கற்பம் என்று கடுமையாகத் தீர்ப்பவர் இருக்கலாம். அவரை மறுப்பது எளிதன்று. ஆயினும் அதற்கு மாற்றாக நடைமுறையில் உள்ளது மருந்துத் தெளிப்பே. மாவுப்பூச்சியின் மெழுகு மருந்தைத் தடுத்துக்கொள்வதால், மெழுகில்லாத குளவியும் பொறிவண்டும் தேனீயும் முதலில் மடிகின்றன. கொல்ல நினைத்தது பிழைக்க, நினையாதவை சாகின்றன. ஓர் இனத்தை மட்டும் நாடும் குளவியின் வன்முறைக்கு எல்லை உண்டு. எல்லாவற்றையும் மாவுப்பூச்சி என்ற ஒரு பெயருக்குள் அடக்கித் தெளிக்கும் கைக்கு அது இல்லை. கணக்கில்லாத கொலையைக் கணக்குள்ள கொலையாகக் குறைப்பதை அகிம்சை என்று அழைப்பது மிகையாகும். உழவறத்தில் அதற்கு மேலான வழி இன்றைக்கு இல்லை என்பதும் உண்மை.

ஆகவே மரவள்ளியின் கொழுந்தில் வெண்மாவைக் காணும் உழவர் மருந்துக் கடைக்குச் செல்லுமுன் மாவை விரல் நுனியால் துடைத்து உடலின் நிறத்தைப் பார்ப்பது நலம். மஞ்சள் உடலினதாயின் ஒரு சிறு குப்பியில் எரிசாராயத்தில் இட்டு வைத்தால், பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு நாளில் நீலங்கலந்த கருமையாக மாறிவிடும். இளஞ்சிவப்பு உடலும் கொத்தாகச் சுருண்ட நுனியும் சேர்ந்து காணப்பட்டால் மணிஹோட்டி என்று ஐயுற வேண்டும். உறுதிப்படுத்துவது தகடு செய்யத் தெரிந்தவர் வேலை. அக்கொல்லையிலிருந்து அடுத்த நடவுக்குக் கரணை வெட்டாமல், தாக்குண்ட நுனியொன்றை மூடிய பையில் இட்டுப் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துக் கேட்டறிதல் வேண்டும்.